அந்தப் பெட்டியில் உப்புத்தாள் படவேண்டாம்

விசாகப்பட்டினம்
ஆகஸ்ட் 12

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அக்கா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனது நிம்மதியானது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பேத்தி பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி, இரண்டையும் கலக்காமல் சமாளிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரணை ஒழித்தபோது தாத்தாவின் எழுத்துப்பெட்டி கிடைத்தது, கறுத்துக் கிடக்கிறது, தச்சரிடம் சொல்லி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கப்போகிறேன் என்று கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். மணி, தச்சருக்கு இப்போதே போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடு. மீதியை அப்புறம் படி.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈட்டிமரப் பெட்டி, விளிம்பைச் சுற்றி வெள்ளையில் ஒரு பூங்கொடி. உன் தாத்தா இந்த ஊர்க் கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர் ஆயிற்றே. அப்போது இது சென்னை மாகாணம். இங்கிருந்துதான் பெட்டி கும்பகோணத்துக்கு வந்திருக்கவேண்டும். இந்த ஊரில் முப்பது வருஷமாக இருக்கிறவன் சொல்கிறேன், இது ஊர் வேலை. 1756-ல் இங்கே வந்த கார்னேய் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, இந்த ஊரில் மரத்தில் தந்தம் பதிக்கிற வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். இங்கிலாந்து ராணி சார்லட்டிடம்கூட இந்த ஊர்ச் சாமான்கள் இருந்தன.

அந்த வெள்ளைக் கொடி எப்படி உண்டாகிறது தெரியுமா? முதலில் கருங்காலியிலோ ஈட்டியிலோ கொடியின் வடிவத்துக்குப் பள்ளம் தோண்டுவார்கள். தந்தத்தை மெல்லிய தகடாக அறுத்து, அதே வடிவத்தில் வெட்டி, பள்ளத்தில் மரத்தோடு மட்டமாகப் பொருத்துவார்கள். இதோடு முடிந்தால் வெறும் வெள்ளைத் துண்டுதான். உயிர் வருவது அதற்கப்புறம். தந்தத்தின் மேல் ஊசி முனைபோன்ற உளியால் இலை நரம்பு, பூவிதழ், தண்டின் வளைவு எல்லாவற்றையும் கீறி, அந்தக் கீறல்களில் கறுப்பு அரக்கை உருக்கி நிரப்பி, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுவார்கள். கோடு மட்டும் கறுப்பாக நிற்கும். அந்தக் கொடிகளில் பல, இந்தக் கரையோரம் நெய்து சாயமிட்டுக் கப்பலேற்றிய சீட்டித் துணிகளிலிருந்து வந்தவை. துணியில் ஓடிய கொடியே மரத்துக்கும் ஏறியது. கம்சாலிகள் என்கிற தெலுங்குக் கைவினைஞர்கள் செய்த வேலை. ஒரு பெட்டியிலும் செய்தவர் பெயரை நான் பார்த்ததில்லை.

இப்போது உனக்கே புரிந்திருக்கும். கீறல் முடியளவு ஆழம்கூட இருக்காது. உப்புத்தாள் நாலு இழுப்பு இழுத்தால் தந்தம் பளிச்சென்று வெளுக்கும், ஓவியம் போய்விடும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் அதே கதிதான், அரக்கு கரைந்து வந்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது வருஷம் முன்னால் இங்கே பழைய சாமான் கடையில் ஒரு சிறு பெட்டி வாங்கினேன். வேலைப்பாட்டைச் சரியாகப் பார்க்காமல் பாலிஷ்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு திரும்பி வந்தது. மூடியில் மொட்டையாக நாலு வெள்ளைப் பட்டை. அடிப்பக்க மூலை ஒன்று மட்டும் அவர் கைக்கு எட்டாமல் தப்பியிருந்தது. லென்ஸ் வைத்து அந்த மூலையைப் பார்த்தேன். கொடி திரும்புகிற இடத்தில் இடம் போதவில்லை. கீறினவர் கடைசி இலையைக் கொஞ்சம் ஒடுக்கி, நுனியை மடித்து, ஓரத்துக்குள் அடக்கியிருக்கிறார். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு மனிதர் கை நிறுத்தி யோசித்த இடம் அது. அந்தப் பெட்டியில் அது ஒன்றுதான் மிச்சம். இன்றைக்கும் அதை எடுக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

போன வருஷம் மகளைப் பார்க்க லண்டன் போனபோது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்த ஊர் வேலையின் முன் ஒரு மதியம் முழுக்க நின்றேன். காலம் போகப்போகப் பாணி மாறிவிட்டது. மரமே தெரியாமல் பெட்டி முழுவதும் தந்தத் தகடு ஒட்டி, ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பார்த்து மாளிகையும் மரமும் கீறினார்கள். பிறகு சந்தனப்பெட்டிமேல் ஆமை ஓடு, எருமைக்கொம்பு எல்லாம் வந்தன. கைத்திறன் குறையவில்லை, ஆனாலும் எனக்கு முந்தையதுதான் பிடிக்கிறது. ஈட்டியின் கருஞ்சிவப்புதான் அந்த வெள்ளைக் கொடியை எடுத்துக்காட்டுகிறது. உன் பெட்டி அந்த ஜாதி.

பம்பாய்ப் பெட்டியோ என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது வேறு வேலை. தந்தம், மரம், வெள்ளீயக் குச்சிகளைக் கட்டாக ஒட்டி, வாழைத்தண்டை நறுக்குவதுபோல் குறுக்கே வில்லை வில்லையாகச் சீவி ஒட்டுவார்கள். நட்சத்திரமும் கட்டமுமாக இருக்கும், கொடி ஓடாது. ஷிராஸிலிருந்து சிந்து வழியாக வந்த கலை என்பார்கள்.

எவ்வளவு அழகானாலும், இதற்காக யானைகள் செத்திருக்கின்றன. அதை மறந்துவிட்டு என்னால் இதை ரசிக்க முடியவில்லை. இனி ஒரு துண்டுத் தந்தமும் வெட்டப்படக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் உதிர்ந்துபோன இடங்களைப் புதிதாக நிரப்பாதே, காலியாகவே இருக்கட்டும். யார் விலை பேசினாலும் விற்காதே. 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முழுக்கத் தடுத்திருக்கின்றன. பரம்பரையாக வந்ததென்றாலும் வனத்துறையில் தெரிவித்துச் சான்றிதழ் வேண்டும். ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள். அதற்கு முன் தந்தமா எலும்பா என்று பார். லென்ஸில் கரும்புள்ளியும் குறுங்கோடுமாகத் தெரிந்தால் எலும்பு.

இப்போதைக்குச் செய்யவேண்டியது கொஞ்சம்தான். மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டு. தண்ணீர் காட்டாதே, தந்தம் ஈரம் குடித்தால் உப்பிக் கிளம்பும். வெயிலிலும் வைக்காதே. உதிர்ந்த துண்டு கிடைத்தால் ஒரு கவரில் போட்டுவை, தீபாவளிக்கு வரும்போது நான் ஒட்டித் தருகிறேன்.

அப்புறம் ஒன்று. எழுத்துப்பெட்டிகள் பலவற்றில் ரகசிய அறை உண்டு. மைக்கூடு வைக்கும் குழிக்கும் பேனாத் தட்டுக்கும் பக்கத்தில் ஒரு மெல்லிய நிற்பலகை இருக்கும். மைக்கூட்டுத் தடுப்பை மெதுவாக மேலே தூக்கிப் பார். உள்ளே வில் இருந்தால் பலகை டப்பென்று முன்னால் சாயும், பின்னால் இரண்டு மூன்று குட்டி இழுப்பறைகள் இருக்கும். நெம்பாதே. அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திற, தாத்தாவின் கையெழுத்தை அவர்தான் அடையாளம் கண்டுபிடிப்பார். திறந்ததும், என்ன நேரமானாலும், எனக்குப் போன் செய்.

உன்,
ராஜு