கொழுந்து டிரெய்லரின் பின்விளக்கும் எர்த் ஒயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் நான்கு மணிக்கே மேகம் சாலையில் இறங்கிவிடுகிறது. தேயிலைத் தோட்டங்களில் பறித்த கொழுந்தை எடை போட்டு, சாக்குகளில் அடைத்து, டிராக்டர் டிரெய்லர்களில் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்வதும் அதே நேரத்தில்தான். இவ்வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக வாகன மின்பழுது பார்த்து வருகிறவன் என்ற முறையில், அந்த டிரெய்லர்களின் பின்விளக்கைச் சோதிக்கும் முறை பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

சில நாட்களுக்கு முன் மாலையில் சோலூர்மட்டத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் ஒரு கொழுந்து டிரெய்லர் சென்றது. அதன் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு வளைவில் ஓட்டுநர் பிரேக் மிதித்ததும், கூடுதலாக ஒளிர வேண்டிய அவ்விளக்குகள் அப்படியே மங்கி அணைந்தன. பிரேக் விட்டதும் மறுபடி எரிந்தன. பின்னால் வருகிறவனுக்கு வண்டி நிற்பது தெரியாததோடு, வண்டி இருப்பதே தெரியாமல் போகிற நிலை அது. அடுத்த நிறுத்தத்தில் ஓட்டுநரிடம் சொன்னேன். "காலையில் பார்த்துவிட்டுத்தானே அண்ணா கிளம்பினேன், எல்லா லைட்டும் நன்றாக எரிந்ததே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டிராக்டரில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டு, பின்னால் ஓடிப்போய்ப் பார்க்கும் வழக்கமான சோதனையில் அந்தக் குறை தெரியாது.

காரணம் இதுதான். டிராக்டரிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிரெய்லரின் ஏழு முனை பிளக்கில் ஒரு முனை எர்த்துக்குரியது. பல்புகளுக்குச் சென்ற மின்சாரம் அந்த ஒரே ஒயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அது அறுந்து போனாலும், வண்டி நிற்கும்போது, டிரெய்லரை இழுக்கும் டிராக்டரின் கொண்டியும் அதில் செருகிய இரும்பு ஊசியும் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டிருப்பதால், மின்சாரம் இரும்பு வழியாகவே திரும்பிவிடுகிறது, விளக்குகளும் எரிகின்றன. சாலையில் குலுங்கும்போது, கிரீஸ் படிந்த அந்த ஊசியின் தொடர்பு விட்டுப் போகிறது. வழி தேடும் மின்சாரம் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து, அதன் ஒயர் வழியாக டிராக்டருக்குத் திரும்பப் பார்க்கிறது. பிரேக் மிதித்தால் பின்விளக்கு அணைவதும், இண்டிகேட்டர் சிமிட்டும்போது மற்ற விளக்குகள் மங்கி மங்கி எரிவதும் இதனால்தான். ஒரே வண்டியில் இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்து கோளாறு செய்தால் பல்பை மாற்றிப் பணத்தை வீணாக்காமல் முதலில் எர்த்தைப் பாருங்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தனி பேட்டரி வைத்த ஒரு சிறு சோதனைப் பெட்டி இந்தக் குறையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். டிராக்டரிலிருந்து டிரெய்லரின் பிளக்கை உருவி, அதைப் பெட்டியில் உள்ள சாக்கெட்டில் செருகி, ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்டியின் நெகட்டிவ் ஒயர் பிளக்கின் எர்த் முனையைத் தவிர வேறெதையும் தொடாததால், கொண்டி மாட்டியிருந்தாலும் அது எர்த்தைக் கடன் கொடுக்க முடியாது. ஒயர் அறுந்திருந்தால் ஒரு விளக்கும் எரியாது. இதற்காக டிரெய்லரைக் கழற்றவே தேவையில்லை என்பது நம் மலைக்கு மிகவும் முக்கியம். சரிவில் நிற்கும் டிரெய்லரைக் கழற்றிவிட்டு அடியில் குனிந்து ஒயர் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. கொண்டி மாட்டியபடியே, கைபிரேக் இழுத்து, என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகுதான் யாரும் பின்பக்கம் போக வேண்டும். என்ஜின் ஓட வேண்டிய அவசியமில்லாததால், மூடிய கொட்டகைக்குள் புகை நிறையும் ஆபத்தும் இல்லை.

பெட்டிக்குப் பெரிய பேட்டரி வேண்டாம். சிறு யு.பி.எஸ்.களில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவிலான மூடிய பேட்டரி போதும். 21 வாட் பிரேக் பல்பு ஒன்று ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுக்கிறது, இரண்டும் சேர்ந்தால் 3.5. ஆகவே பாசிட்டிவ் முனையை ஒட்டியே 7.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஃபியூஸ் இல்லாமல், டிராக்டரின் பெரிய பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர்களை இழுத்து "தொட்டுப் பார்க்கும்" வழக்கம் நம் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. எங்காவது ஒயர் உரிந்து இரும்பில் பட்டிருந்தால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஒயரின் உறை உருகித் தீப்பிடிக்கும். மேலே இருப்பதோ காய்ந்த சாக்கு. பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால், அதன் முனையருகே பொறி பறக்க விடுவதும் தகாது.

எல்.இ.டி. விளக்கு பொருத்திய டிரெய்லர்களில் வேறொரு ஏமாற்று உண்டு. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் எல்.இ.டி. எரியும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரும் 12 வோல்ட் காட்டும். ஈரத்தில் அந்த இழையும் போன பிறகுதான் உண்மை தெரிகிறது. அதனால் ஒரு 21 வாட் பல்பை அந்த ஒயரில் மாட்டி, அந்தச் சுமையில் அதன் வெளிச்சம் மங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. உர மூட்டை ஏற்றும் டிரெய்லர்களின் பிளக்கில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். முனைகளைச் சுரண்டித் துடைத்தாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். பெரிய லாரிகள் 24 வோல்ட்டில் ஓடுவதால் அவற்றுக்கு இந்தப் பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது. லாரியின் 24 வோல்ட்டை டிரெய்லரில் கொடுத்தால் 12 வோல்ட் பல்புகள் அத்தனையும் போய்விடும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும், போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்கெரிய ஓட்ட வேண்டும் என்கின்றன. பிற்பகல் மூடுபனிக்கும் இது பொருந்தும். ஆனால் ஓட்டுநர் மீது அபராதம் போடுவதால் மட்டும் அறுந்த எர்த் ஒயர் ஒட்டிக்கொள்ளாது. கொழுந்து எடை போடும் கொட்டகைகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகளின் வாயிலிலும் இத்தகைய பெட்டி ஒன்றை நிரந்தரமாக வைத்து, ஒவ்வொரு டிரெய்லரையும் வாரத்தில் ஒரு நாள் ஏற்றுவதற்கு முன் சோதித்து, தேதியைப் பதிவேட்டில் குறித்து வைக்க நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் ஆகும், ஒரே ஆள் போதும். பெட்டியைச் செய்து கொடுக்கவும், ஆட்களுக்குப் பழக்கிக் காட்டவும் இங்குள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன்களான நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.