ஞாயிறு காலை கர்ப்பிணிகளுக்கான கூட்டம் – பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் 15ஆம் தேதி ஞாயிறு காலை 10.30 மணிக்கு பி பிளாக் ஹாலில், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் ஒரு மணி நேரக் கூட்டம். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கிற தொற்றுகளைத் தவிர்ப்பது பற்றி மகப்பேறு மருத்துவர் ஒருவர் பேசுகிறார். பப்பாளி, குங்குமப்பூ பற்றி ஊரே அறிவுரை சொல்லும், இதை யாரும் சொல்வதில்லை. அதுவரை:

1. சிஎம்வி வைரஸ் சின்னப் பிள்ளைகளின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும்; வயிற்றுக் குழந்தைக்குத் தொற்றினால் காது கேளாமை வரலாம். மூத்த பிள்ளை மிச்சம் வைத்த இட்லியை வீணாகுதே என்று அம்மா வாயில் போட்டுக்கொள்வதைக் கொஞ்ச மாதம் நிறுத்துங்கள். டயபர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவவும்.
2. ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடக் கூடாது. திட்டமிடுபவர்கள் இப்போதே மருத்துவரிடம் கேட்கவும். போட்ட பிறகு ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.
3. பூனையின் மலத்திலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றலாம்; அதை வீட்டில் வேறு யாராவது தினமும் அள்ளட்டும். பூனையைத் துரத்த வேண்டாம்!
4. காய்ச்சாத பால், வேகாத கறி வேண்டாம்.
5. சிபிலிஸ் (உடலுறவால் பரவும் நோய்), எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி (கல்லீரல் தொற்று) பரிசோதனைகளை முதல் செக்கப்பிலேயே முடிக்கவும். கூச்சம் வேண்டாம், சிபிலிஸை பெனிசிலின் ஊசியால் குணப்படுத்தலாம்.

செக்கப் ஃபைலை எடுத்து வரவும். கணவர், மாமியார் வந்தால் இன்னும் நல்லது.

வெள்ளி இரவுக்குள் வீட்டு எண், எத்தனை பேர் என்று இங்கே பதில் போடவும். விஷயத்தை இன்னும் வெளியே சொல்லாதவர்கள் எனக்குத் தனியாக அனுப்பினால் போதும்.