அப்புச்சி வரையாத மூன்று இதழ்

கண்ணு,

அப்புச்சி வரைந்த படத்தை நான் போட்டோ எடுத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "பாதி உடைஞ்ச பலிபீடமாம்மா?" என்று போனில் கேட்டாய். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, சரியாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

உடைந்ததில்லை சாமி. உன் அப்புச்சி, என் அப்பா, பாதிதான் வரைவார். தாளின் இடது ஓரத்தில் மங்கலாக ஒரு சிவப்புக் கோடு தெரியும். செங்காவியில் நனைத்த நூலைச் சுண்டிப் போட்ட கோடு. பிரம்ம சூத்திரம் என்பார்கள், நடுக்கோடு. அதற்கு வலப்பக்கம் இருப்பதேதான் இடப்பக்கமும். பீடத்தின் அடுக்குகளைக் கீழிருந்து பார்: தரையோடு உபானம், அதன்மேல் ஜகதி, மூன்று பட்டையாக வெட்டிய குமுதம், உள்ளே ஒடுங்கும் கண்டம், அப்புறம் பட்டிகை, உச்சியில் தாமரை. பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி இருக்கும் கோடுகள் அலங்காரம் இல்லை. எண்ணிப் பார், 24 இருக்கும். 24 விரல் ஒரு முழம். தாளுக்குள் அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் அது.

மேலே தனியாக இருக்கும் வட்டம், அதே தாமரையை மேலிருந்து பார்த்தால் தெரிகிற தோற்றம். எட்டு இதழ் இருக்க வேண்டும், ஐந்துதான் இருக்கிறது. மூன்றுக்கு வெறும் வளைவு.

அவர் அந்தப் பீடத்தை அளந்த அன்று நானும் கூட இருந்தேன். திருமுருகன்பூண்டிச் சிற்பப் பட்டறையிலிருந்து சைக்கிளில் கூட்டிப் போனார், நொய்யல் கரையில் ஒரு பழைய சிவன் கோயில். பூஜை முடிந்து அந்தத் தாமரைமேல் சோறு வைத்து நீர் வார்த்தார்கள். அங்கே பலி என்றால் அந்தச் சோறுதான், காக்கை வந்து கொத்தியது. எத்தனை தலைமுறைத் தண்ணீரும் கையும் பட்டதோ, ஒரு பக்கம் கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. அப்புச்சி கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். விரலுக்கும் ஒன்றும் அகப்படவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்றாயே, செய் கண்ணு. இடப்பக்கத்தை நீயே திருப்பிப் போட்டுக்கொள், அந்த நடுக்கோடே அதற்குத்தான். அந்த மூன்று இதழை மட்டும் போட்டுவிடாதே. மற்ற ஐந்தைப் பார்த்துப் போடுவது உனக்கு நிமிட வேலை, அவருக்கும் அப்படித்தான். கல்லில் இல்லாததை அவர் வரையவில்லை.

தாளை மடிக்காமல் குழாயில் சுருட்டி வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அம்மா