எங்கள் ஊர் மகளிர் சிறுதானியச் சங்கம்: 2023-24 ஆண்டறிக்கை

தலைவர் அக்கா அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், இந்த அறிக்கையின் நகல் ஒன்று அவர்கள் வீட்டுக்குப் போகும்.

பன்னிரண்டு மாதமும் கூட்டம் நடந்தது. கடன் கொடுத்த ஆகஸ்ட் மாதம் 34 பேரில் 31 பேர் வந்தார்கள். மற்ற மாதங்களில் வருகை பதினைந்தைத் தாண்டவில்லை. கையெழுத்துப் பதிவேடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் கலந்துகொண்டோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவை 100 ரூபாய் கட்டிப் புதுப்பித்தோம். 2023-24 விதிப்படி ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டினால்தான் பெரிய உரிமம் எடுக்க வேண்டும். நமக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

சரி, எல்லோரும் என்னிடம் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர்கள் கொண்டுவரும் ராகியை அரைத்து நாம் விற்கும் மாவின் விற்பனை ஏன் குறைந்தது?

ஜூன் மாதம் சந்தா பாக்கி வாங்க வீடு வீடாகப் போனேன். சந்தா கிடைக்கவில்லை, அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்தேன். (அது செயலாளர் வேலையா என்று கேட்டவர்கள் உண்டு.) நம் காட்டில் விளைந்த ராகி, சாமை, அவரை, வீட்டுக் கோழி போட்ட முட்டை எல்லாம் சந்தைக்குப் போகிறது. வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசி. அந்த அரிசியை நான் குறை சொல்ல மாட்டேன். மழை பொய்த்த வருஷங்களில் அது இல்லாவிட்டால் நம் பாடு என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் பத்து இருந்தால் பெரிது. ராகி விற்ற காசில் பிள்ளைக்குச் சத்துமாவு டப்பா வாங்கிய வீட்டையும் பார்த்தேன். டப்பாவைத் திருப்பிப் படித்தால் முதலில் எழுதியிருப்பது ராகி.

போன வருஷம் நம் தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் அரசு ரேஷனிலேயே 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தது. சொந்த ராகியை மூட்டையோடு விற்றுவிட்டு, அந்த 2 கிலோவுக்கு வரிசையில் நின்றவர்கள் நம்மிலேயே உண்டு. பேர் சொல்லவில்லை.

அதனால்தான் ஜூலைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். சங்கத்துக்குத் தானியம் கொண்டுவருகிறவர்கள் பத்துப் படிக்கு ஒரு படி வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை எடை போட வேண்டும். முட்டையில் வாரத்துக்கு மூன்றை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். அன்று வந்திருந்த பதினான்கு பேரும் கை தூக்கினார்கள். "எங்களைக் கேட்காமல் எப்படி?" என்று பிறகு கேட்டவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு எடுத்து வைத்த இந்த ஒரு படியால்தான் சங்கத்துக்குத் தானிய வரத்து குறைந்தது, அதனால் மாவு விற்பனையும் குறைந்தது என்பது ஒரு பேச்சு. பத்தில் ஒன்றுதான் நான் கேட்டது, குறைந்ததோ பாதிக்குப் பக்கம். மீதி எங்கே போனது? 2023-24-இல் ராகிக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். நம்மால் அவ்வளவு கொடுக்க முடியவில்லை, பலரும் அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். நல்ல விலை, தப்பே இல்லை. அந்தப் பழியைப் பிள்ளைகள் சாப்பிட்ட களியின் தலையில் கட்டுவதுதான் நியாயமில்லை.

என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். நான் விட்டாலும் பொருளாளர் அக்கா விடமாட்டார். கம்பு மாவு 40 கிலோவை ஒரே நாளில் அரைக்கச் சொன்னது நான்தான். டவுன் கடையிலிருந்து மூன்றே வாரத்தில் கசக்கிறது என்று திரும்பி வந்தது. கம்பில் எண்ணெய் சத்து அதிகம், அரைத்து வைத்தால் சீக்கிரம் காறிப்போகும். நம் பாட்டிமார் அன்றன்றைக்கு இடித்ததற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது. இப்போது கம்பைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, நன்றாகக் காயவைத்து, வாங்குபவர் சொன்ன அளவுக்கு மட்டும் அரைக்கிறோம். திரும்பி வந்த மாவை மாடுகளுக்கு வைத்தோம். அவையும் மிச்சம் வைத்தன.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு செலவைவிடக் கொஞ்சம் கூட. மெஷின் பெல்ட், கரண்ட் பில், கவர் அச்சடித்தது போக மீதி வங்கியில் இருக்கிறது. கையிருப்பில் ஒரு சின்ன வித்தியாசம் வந்தது, பேசித் தீர்த்துக்கொண்டோம். மாதம் 50 ரூபாய் சந்தாவில் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் 11 பேர்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை அரசு முதன்முதலில் தொடங்கியது நம் தர்மபுரியில்தான், 1989-இல். அந்தக் காலத்துக் குழு ஒன்றில் என் மாமியார் இருந்தார். கூட்டத்துக்கு வராதவருக்கு ஒரு ரூபாய் அபராதமாம். நான் அபராதம் போடச் சொல்லவில்லை, ஞாபகம் வந்தது, எழுதினேன்.

தானியம் காயவைக்கக் களம் கொடுத்த ஊராட்சிக்கும், பயிற்சி கொடுத்த வட்டார அலுவலர்களுக்கும், இரவில் மூட்டை இறக்கிய வீட்டுக்காரர்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் சாமைக்கு உமி நீக்கும் மெஷின் வாங்க ஆசை. ராகியை அப்படியே அரைத்துவிடலாம், சாமையை உரலில் குத்தித்தான் ஆக வேண்டும். யாருக்கும் கை வரவில்லை, அதனால்தான் விளைந்த சாமை அப்படியே வியாபாரியிடம் போகிறது. வீட்டுக்கு ஒரு படி எடுத்து வைத்தாலும் குத்துவது யார்? 2024 நிலவரப்படி குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் வங்கிக் கடன் எடுக்க வேண்டும், நம் பங்காக 10 சதவீதம் கையிலும் வேண்டும். வங்கியில் போய் உட்கார்ந்தால் முதலில் கேட்பது கூட்டப் பதிவேடும் சந்தாக் கணக்கும்தான். அந்த இரண்டையும் இப்போது இருக்கிற நிலையில் எடுத்துக்கொண்டுபோக எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சந்தாப் புத்தகம் என் வீட்டுத் திண்ணை அலமாரியில் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். சில்லறையாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
செயலாளர்