நேரலை வகுப்பு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வெள்ளமோ தொற்றோ, கல்லூரி மூடப்பட்டதும் கால அட்டவணையை அப்படியே வீடியோ அழைப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்தில் 450 எம்பி டேட்டாவைத் தின்னும். நாளுக்கு நான்கு வகுப்பு என்றால் 1.8 ஜிபி. அதே பாடத்தை விநாடிக்கு 32 கிலோபிட் ஒலிப்பதிவாகக் கொடுத்தால் மணிக்கு 14.4 எம்பிதான். கூடவே ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக அனுப்பலாம். சிக்னல் கிடைக்கும்போது இறக்கிவைத்து, இரவில்கூடக் கேட்கலாம்.

பதிவை 10 முதல் 15 நிமிடத் துண்டுகளாக வெட்ட வேண்டும். நீண்ட கோப்பு இறங்கும்போது இணைப்பு அறுந்தால், பல நேரம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நேரலை வாரம் ஒரு முறை, சந்தேகம் கேட்க மட்டும் போதும். கேமராவைக் கட்டாயமாக்குவது வருகைப் பதிவேட்டுக்குத்தான் உதவும் (அதுவும் சந்தேகம்தான்).

ஆய்வகப் பயிற்சியைத் திரையில் முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்டக் கூடாது. செய்முறையின் வரிசையை மென்பொருளில் பழகலாம். ஆனால் டைட்ரேஷனில் (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் வேதியியல் சோதனை) கை பழக, பியூரெட் என்ற அளவுக் குழாயைப் பிடித்தாக வேண்டும். கல்லூரி திறந்ததும் அதற்கென்றே சில நாட்கள் ஒதுக்குங்கள்.

தேர்வில் எல்லோரும் கடைசி நிமிடத்தில் விடைத்தாளைப் பதிவேற்றுவதால் சர்வர் திணறுகிறது. எழுதும் நேரம் போக, பதிவேற்ற மட்டும் 30 நிமிடம் தனியாகத் தர வேண்டும். வண்ணப் புகைப்படம் பக்கத்துக்கு 3 எம்பி என்றால் 20 பக்கத்துக்கு 60 எம்பி ஆகிவிடும். ஸ்கேனர் செயலியில் கருப்பு வெள்ளையாக மாற்றினால் கோப்பின் அளவு அதில் சிறு பகுதியே வரும். இதற்கான ஒத்திகையைக் கல்லூரி இயங்கும் நாட்களிலேயே நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
இணையவழிப் பாட வடிவமைப்பாளர் ஒருவர்