ஆத்தென்டிகேட்டர் போடச் சொன்னீங்க, போன் மாத்துறப்ப என்ன பண்றதுனு சொல்லலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்எம்எஸ்ல வர்ற ஓடிபிய மட்டும் நம்பாதீங்க, லாகினுக்கு வேண்டிய நம்பரை போன்லயே உண்டாக்கித் தர்ற ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டுக்கோங்கனு உங்க பேப்பர்ல எழுதியிருந்தீங்க. ரொம்ப சரி. நம்ம நம்பர்ல வேற ஒருத்தன் சிம் வாங்கிட்டா எஸ்எம்எஸ் எல்லாம் அவனுக்குத்தான் போகும், ஆப்ல வர்ற நம்பருக்கு அந்த பயம் இல்ல. ஆனா கட்டுரை அதோட முடிஞ்சிருச்சு. ஆப் இருக்கிற போனை மாத்தும்போது என்ன ஆகும்னு ஒரு வரி கூட இல்ல. அதுல மாட்டி மூணு வாரம் அல்லாடினவன் நான், அதனாலதான் எழுதுறேன்.

புது போன் வந்துச்சு, பழசுல இருந்து எல்லாம் காப்பி ஆச்சு, ஆத்தென்டிகேட்டர் ஐகானும் வந்து உக்காந்துச்சு, சரி எல்லாம் வந்துருச்சுனு பழைய போனை ரீசெட் பண்ணி சொந்தக்காரப் பையனுக்கு குடுத்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மெயில்ல லாகின் பண்ண நம்பர் கேட்டுச்சு, ஆப்பை திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. மொத்தம் 14 கணக்கு. மெயிலோட பேக்கப் கோடு (ஆப் கைல இல்லாதப்ப உள்ள போக முன்கூட்டியே குடுக்குற அவசர நம்பர்) மட்டும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அத வச்சு மெயிலுக்குள்ள போய் மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா மீட்டேன். போட்டோ போட்டு வச்சிருந்த ஒரு கணக்கு மட்டும் கடைசி வரைக்கும் திரும்பல. எங்கம்மா படம் பாதி அதுலதான் இருந்துச்சு.

அப்புறம்தான் இது எப்படி வேலை செய்யுதுனு உக்காந்து படிச்சேன். மொதல்ல நாம ஸ்கேன் பண்ற க்யூஆர் கோடுக்குள்ள ஒரு ரகசிய சாவி இருக்கு, எழுத்தும் நம்பரும் கலந்து. அந்த சாவியையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்து கணக்கு போட்டுத்தான் 30 விநாடிக்கு ஒரு தடவை 6 இலக்க நம்பர் வருது, அந்தப் பக்கம் சர்வரும் அதே கணக்க போட்டு ஒத்துப் பாக்குது. அதனாலதான் நெட் இல்லாம கூட நம்பர் வருது, போன்ல கடிகாரம் தப்பா இருந்தா நம்பரும் தப்பாகுது. இந்த முறை 2011 லயே எல்லாருக்கும் பொதுவா வெளியானது, ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தம் இல்ல. அப்ப முக்கியம் ஆப் இல்லைங்க, அந்த சாவிதான். ஒரே க்யூஆர் கோடை ரெண்டு போன்ல ஸ்கேன் பண்ணா ரெண்டுலயும் ஒரே நம்பர் வரும். வீட்டுல பழைய போன் சும்மா கிடந்தா அதுலயும் ஸ்கேன் பண்ணி பூட்டி வைக்கலாம். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து கேலரில விட்டுடாதீங்க, அந்தப் படம் யார் கைல கிடைச்சாலும் அவங்க போன்லயும் உங்க நம்பர் ஓடும்.

எந்த ஆப் நல்லதுனு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது, உள்ள போற வழிய விட்டுட்டு வெளிய வர்ற வழிய பாருங்க. ஆத்தி (Authy) ஆப்ல சாவிகள வெளிய எடுக்க வழியே குடுக்கல, அவங்க 2024 மார்ச்ல கம்ப்யூட்டர் ஆப்பை நிறுத்தினப்ப வேற ஆப்புக்கு போக நெனச்சவங்க ஒவ்வொரு சைட்டா போய் திரும்ப செட் பண்ண வேண்டியதாச்சு. ஐபோன்ல ரைவோனு நல்ல பேரோட இருந்த ஆப் 2023 ல கை மாறுச்சு, 2024 ல வந்த ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் பலரோட சாவிகளே காணாம போச்சு. கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரல்ல இருந்து கூகுள் கணக்குல பேக்கப் எடுக்குது, வசதிதான், ஆனா கூகுள் கணக்கோட நம்பரும் அதே ஆப்ல மட்டும் இருந்தா பெட்டிச் சாவிய பெட்டிக்குள்ள வச்சு பூட்டின மாதிரி. நான் இப்ப ஆண்ட்ராய்டுல ஈஜிஸ் வச்சிருக்கேன், பாஸ்வேர்டு போட்டு பூட்டின ஃபைலா வெளிய எடுத்து பென் டிரைவ்ல வச்சுக்கலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன், கம்ப்யூட்டர் மூணுலயும் வேணும்னா என்டே ஆத் இருக்கு, என்டேன்னா மலையாளத்துல என்னோடதுனு அர்த்தம், பேரே பிடிச்சுப் போச்சு எனக்கு. ஸ்டோர்ல தேடும்போது மட்டும் கவனமா இருங்க, அதே மாதிரி ஐகான் போட்டு சந்தா கேக்குற ஆப் நிறைய வரும்.

ஆப் மாத்தும்போது அவசரமே கூடாது. புது ஆப்ல ஏத்தினதும் பழச அழிக்கத்தான் கை போகும், அழிக்காதீங்க. ஒரு பிரவுசர்ல லாகின் ஆன நிலையிலேயே விட்டுட்டு, இன்னொரு ஜன்னல்ல புது ஆப் நம்பர் போட்டு உள்ள போக முடியுதானு ஒவ்வொரு கணக்குக்கும் பாருங்க. மெயில்ல இருந்து ஆரம்பிங்க, மத்த எல்லாத்தையும் மீட்கிற வாசல் அதுதான். பேக்கப் கோடு அங்க அங்க குடுப்பாங்க, கூகுள்ல 10 கோடு தர்றாங்க, ஒவ்வொண்ணும் ஒரே தடவைதான், அத பேப்பர்ல எழுதி வைங்க, போன்ல இல்ல. ஒரு வாரம் புதுசுல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பழச எடுங்க.

இன்னொண்ணு, ஆப் இருக்குனு நெனச்சு போலி சைட்டுல நம்பர போட்டுட்டா அதையும் அந்த சைட்டை நடத்துற திருடன் அந்த 30 விநாடிக்குள்ள பயன்படுத்திடுவான். பாஸ்கீ (நம்பருக்குப் பதிலா போனோட கைரேகை, பின் மாதிரி பூட்டை வச்சே உள்ள போற முறை) இருக்கிற இடத்துல அதுக்கே போயிடுறது நல்லது, அது போலி சைட்டுல வேலையே செய்யாது.

அடுத்த தடவை இதப்பத்தி எழுதும்போது, போனை ரீசெட் பண்றதுக்கு முன்னாடி ஆத்தென்டிகேட்டரை திறந்து பாருங்கனு ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்