உடல் ஊர் வந்து சேர ஒரு படிவம்

ஆசிரியருக்கு,

சவூதியில் இறந்த கட்டடத் தொழிலாளியின் உடல் வாரக்கணக்கில் பிணவறையில் கிடப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். இப்படித் தாமதமானால் விமானக் கட்டணத்தையும் தூதரகத்தையும் குறை சொல்வதே வழக்கம். பணத்துக்கு ஓரளவு வழி இருக்கிறது. வெளிநாட்டில் தவிக்கும் இந்தியர்களுக்கு உதவ 2009-இல் தொடங்கிய இந்திய சமுதாய நல நிதி தூதரகங்களில் உள்ளது; வசதியற்றவர்களின் உடலை அனுப்பும் செலவுக்கும் அது உதவும். பல நேரம் முடிச்சு விழுவது நம் ஊர்ப் பக்கம்தான். வாரிசுகளின் சம்மதக் கடிதமும் நோட்டரி சான்றிட்ட அதிகாரப் பத்திரமும் சரியாகப் போய்ச் சேராவிட்டால், தூதரகத்தின் தடையில்லாச் சான்று கிடைக்காது. அப்புறம் உடலைப் பதப்படுத்துவதும் விமானத்தில் ஏற்றுவதும் எப்படி நடக்கும்?

பரமக்குடி அருகே எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அனுப்பிய பத்திரம் திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக இருந்தது, ரேஷன் அட்டையில் வெறும் இன்ஷியல். சாவு வீட்டில் யார் இதைக் கவனிப்பார்கள்? எழுதித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுக்குத் தனிக் கூலி வேறு. அயலகத் தமிழர் நலத்துறை இந்த ஆவணங்களின் மாதிரியைத் தமிழில் அச்சிட்டு கிராம நிர்வாக அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் வைக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் ஓர் அலுவலர் பெயர்களைச் சரிபார்த்து, அன்றே தூதரகத்துக்கு மின்னஞ்சல் செய்யட்டும்.

– ஒரு வாசகர், பரமக்குடி